பதினொரு நொடி

எங்கள் ஊரை உங்களுக்குக் காட்ட
மூன்று நிமிடம் கொடுத்திருக்கிறார்கள்.
கைப்பேசி எரேக்லேயின் அத்தையுடையது.
பேசுபவள் தெக்லா.
நாய்களை விரட்டுவது வாக்கோ.
எழுதியது நான், அதனால்
படத்தில் நான் இல்லை.

"வணக்கம். இது ஜார்ஜியாவில் சியாத்துரா.
இங்கே நாங்கள் நடப்பதைவிடத்
தொங்குவது அதிகம்" என்று தொடங்கினேன்.
கம்பியில் இறங்கிப் பள்ளிக்கு,
கம்பியில் ஏறி வீட்டுக்கு,
இடையில் மறந்த ரொட்டிக்காக இன்னொரு முறை.
பழைய பெட்டிகளுக்கு ஜன்னல் சிறிது.
துருவேறிய தகரத்தில்
யார் யாரோ ஆணியால் கீறிய பெயர்கள்.
புதியவற்றில் கண்ணாடி பெரிது.
அதுதான் சிக்கல்.

கண்ணாடி பெரிதானால்
ஆறு தெரியும்.

ஆறு வேண்டாம் என்றாள் தெக்லா.
அவர்கள் கடல் பார்த்து வளர்ந்தவர்கள்,
சிரிப்பார்கள்.

சரி என்று ஒரு நாள் முழுக்க
ஆறு இல்லாத ஊரைத் தேடினோம்.
சந்தைப் படியில் நின்றால் அவள் தோளுக்குப் பின்னால் ஆறு.
பள்ளி வாசலில் அவள் காதோரம் ஆறு.
மேலே போனால் மொத்தமாக ஆறு.
ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள்;
ஆற்றை மூட எங்கே போவது?
கடைசியில் மருந்துக்கடைக்குப் பின்னால்
ஒரு சுவர் கிடைத்தது.
சுவருக்கு முன்னால் நின்று
"இதுதான் எங்கள் ஊர்" என்றாள்.
எந்த ஊரிலும் யாரும் சொல்லக்கூடியதுதான்
என்றான் வாக்கோ.
அன்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

க்விரிலா என்று அதற்குப் பெயர்.
மலைக்குள்ளிருந்து மாங்கனீசு எடுத்து
அதில்தான் கழுவுகிறார்கள்.
முதல் வகுப்பில் எங்களை
ஆறு வரையச் சொன்னபோது
இருபத்தாறு பேரும்
கறுப்புக் கிரேயானுக்குச் சண்டை போட்டோம்.
நீலம் அப்படியே இருந்தது, கூர் மழுங்காமல்.
வானத்துக்குக் கொஞ்சம் தேய்த்தோம், அவ்வளவுதான்.

பிறகு உங்கள் படம் முதலில் வந்துவிட்டது.
நார்வேயின் வடக்கு ஓரம், சிவப்பு வீடுகள், படகுகள்.
உங்களில் அஸ்லாக் என்பவன்
பள்ளி ஜன்னலைப் படாரென்று சாத்திக் காட்டி
"மேல்காற்று அடித்தால் இப்படித்தான்.
மீன்தூள் ஆலை. இந்த நாற்றம்
படத்தில் உங்களுக்கு வராது, அதிர்ஷ்டசாலிகள்"
என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

தெக்லா அதை நான்கு முறை பார்த்தாள்.
எழுந்து பாலத்துக்குப் போனாள்.
நாங்கள் பின்னாலேயே ஓடினோம்.

பாலத்தில் பதினொரு நொடி,
யாரும் பேசவில்லை. ஆறு மட்டும்.
பன்னிரண்டாவது நொடியில் வாக்கோ கத்திவிட்டான்:
"ஒரு முறை தெளிந்தது!"

தெளிந்தது, உண்மைதான்.
சுரங்கத்தில் வேலைநிறுத்தம் நடந்த வாரம்.
அப்பாக்கள் பகலில் வீட்டில் இருந்தார்கள்,
கடையில் சர்க்கரை கடனாக வந்தது,
ஐந்தாம் நாள் ஆற்றில் கல் தெரிந்தது.
ஒரு குழந்தைச் சைக்கிள் தெரிந்தது.
ஊரே பாலத்தில் நின்று பார்த்தது.
எங்கள் நிழலை அப்போதுதான்
முதன்முதலாகத் தண்ணீரில் பார்த்தோம்.
கைதட்டலாமா என்று
வாக்கோ தன் அப்பா முகத்தைப் பார்த்தான்.
தட்டவில்லை.

இதையெல்லாம் சொல்ல நேரம் போதாது.
அதனால் இந்தக் கடிதம், தனியாக.
உங்கள் கிரேயான் பெட்டியில்
எது முதலில் தீரும் என்று
மறக்காமல் எழுதுங்கள்.

இப்போது படம் மூன்று நிமிடம் பதினொரு நொடி.
கூடினால் ஏற்க மாட்டார்களாம்.
தொங்குவண்டியில் கை வைக்க வாக்கோ விடவில்லை.
நாய் குரைப்பதை வெட்ட யாருக்கும் மனமில்லை.
தன் முகம் வரும் இடத்தை வெட்டச் சொல்கிறாள் தெக்லா.
எரேக்லே முடியாது என்கிறான்.
ஏன் என்று கேட்டால்
கைப்பேசியில் சார்ஜ் இல்லை என்கிறான்.