முப்பது குழி அட்டை

சோஹார் துறைமுகத்தில் ஒன்பது நாளாய் நிற்கிறது
ஒரு கண்டெய்னர்.
உள்ளே நாலரை லட்சம் முட்டை, நாமக்கல் சரக்கு.
குளிரூட்டி மட்டும் உறுமுகிறது
கட்டிப்போட்ட நாய் மாதிரி.

எங்கள் கோல்ட் ஸ்டோரில்
கோழி இருந்த பெட்டியில் இப்போது மத்தி.
மிச்சக் கோழியின் மேல்
சுகுணன் அரபியில் எழுதி ஒட்டினான்:
பிரேசில் சரக்கு. பழைய ஸ்டாக். பயமில்லை.
கடைசி வார்த்தையைப் படித்த பிறகுதான்
ஆட்கள் பயந்தார்கள்.

கறுப்பு அபாயாவில் ஒரு பெண்
தெரியாமல் முட்டை அட்டையைத் தொட்டுவிட்டு
அந்த ஒரு விரலைத் தனியே தூக்கிப் பிடித்தபடி
குழாயைத் தேடிப் போனாள்.

கடற்கரையில் கொக்கு செத்துக் கிடந்ததாம்.
கொக்கில்லை, பூநாரை என்றான் குல் ஸமான்.
ஒன்றில்லை, நாற்பது என்றான் ரஃபீகுல்.
சாயங்காலத்துக்குள் நானூறு.
போய்ப் பார்த்தவன் ஒருத்தனுமில்லை.
போகாமலிருக்கத்தானே நானூறு.

நான் வாயே திறக்கவில்லை.
லீவு முடிந்து வந்து பதினோரு நாள்தான்.
பூங்கோதைக்கு வேலை
புதன்சந்தைப் பக்கம் ஒரு பண்ணையில்,
ஏழாம் ஷெட்டில்.
இரண்டு முட்டையைக் காதருகே வைத்து
மெல்லத் தட்டுவாள்.
கணீரென்றால் அட்டைக்கு.
சத்தம் செத்திருந்தால் கீறல், ஓரத்துக்கு.
கண்ணால் பார்ப்பதே இல்லை.
அறையில் கேட்டவர்களுக்கெல்லாம்
நூல் மில் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இருமல் ராத்திரியில் வந்தது.
ஏசிக் காற்றோ, அட்டைத் தூசியோ.
தலையணையைக் கடித்தேன்.
அப்படியும் ஒன்று தப்பி வெளியே போய்விட்டது.
மற்ற ஆறு கட்டிலிலும்
குறட்டை ஒரே சமயத்தில் நின்றது.

விடிந்தபோது என் டம்ளரில்
நீல மார்க்கரில் என் பெயர். நல்லுசாமி.
மலையாளத்தில். அழகான கையெழுத்து.
யாரும் எதுவும் பேசவில்லை.
முட்டை ஓட்டில் தேதி குத்தும்போதும்
யாரும் முட்டையிடம் பேசுவதில்லை.

வெள்ளிக்கிழமை கார்டு போட்டுப் பேசினேன்.
திங்கக்கெழமையில இருந்து வர வேண்டாம்னுட்டாங்க.
ஏங், ஏதாச்சும் செத்துச்சா?
ஒண்ணும் சாகலைங்க. எல்லாம் நல்லாத் தீவனம் எடுக்குது.
நீங்க அங்க கோழி கீழி தின்னுபோடாதீங்க.
செரி.
இருமறீங்களா?
லைன்ல எரைச்சல்.

சனிக்கிழமை கண்டெய்னரைத் திறந்தார்கள்.
ஊருக்கு வெளியே மணலில் பெரிய குழி,
எங்கள் ஏழு பேரையும் நிற்க வைக்கலாம், லாரியோடு.
வெள்ளை உடுப்பும் கண்ணாடியும் கொடுத்து
ஓவர்டைம் இரண்டு ரியால் என்றார்கள்.
அட்டைக்கு முப்பது குழி.
எல்லாவற்றையும் இந்த ஒரு குழியில் கவிழ்க்க வேண்டும்.
சில அட்டைகளின் ஓரத்தில் சிவப்புச் சாக்பீஸில் 7.
எல்லாப் பண்ணையிலும் ஏழாம் ஷெட் இருக்கும்தான்.

சுண்ணாம்பு கொட்டும்போது
நகராட்சி அதிகாரி சுலைம் மாஸ்க்கை இறக்கிச் சிகரெட் பற்றவைத்தான்.
நோய் இருக்கா சார்?
டெஸ்ட்டில் ஒன்றுமில்லை என்றான்.
யார் வாங்குவார் சொல்?

ராத்திரி ரஃபீகுல் சோற்று டப்பாவைத் திறந்தான்.
துணியில் சுற்றி ஐந்து முட்டை.
யாரும் திட்டவில்லை.
குல் ஸமான் வெங்காயம் நறுக்கினான்.
நன்றாக வெந்தால் ஒன்றும் செய்யாது என்று
அவரவர் பாஷையில் எல்லோரும் சொன்னார்கள்.
உடைக்கத்தான் ஒரு கையும் நீளவில்லை.

எனக்குப் பசி.
இரண்டை எடுத்துக் காதோரம் வைத்துத் தட்டினேன்.
அடுத்த இரண்டு. அப்புறம் கடைசியையும்.
எல்லாம் நல்ல முட்டை, ஒன்றுதான் கீறல் என்றேன்,
சொன்ன பிறகுதான் கையைப் பார்த்தேன்.

உனக்கெப்படித் தெரியும்
என்றான் சுகுணன்.

அடுப்பில்
எண்ணெய் புகைய ஆரம்பித்திருந்தது.