பெயருக்கு நான்கு டாலர்

ஒரு பெயருக்கு நான்கு டாலர். பெட்ரோல் என் கணக்கு.
நெப்ராஸ்காவின் இந்த மூலையில்
பழைய வழக்குகள் இன்னும் கணினிக்குள் ஏறவில்லை.
அதனால்தான் எனக்குப் பிழைப்பு.

லோவல் கவுண்டி நீதிமன்றம், கீழ்த்தளம்.
வெர்லீன் குசேரா சூரியகாந்தி விதை கடித்துத்
தோலைக் காபிக் கோப்பையில் துப்புகிறாள்.
பதினோரு வருஷமாக எங்களுக்குள் பேச்சு
பெயர், பிறந்த தேதி, நன்றி.
குளிர் அதிகமென்றால் அதையும் சொல்வோம்.

அன்றைக்கு எட்டுப் பெயர்.
பள்ளிப் பேருந்து ஓட்ட வந்தவன்
தொண்ணூற்றாறில், பனிப்புயல் இரவில்,
பக்கத்துப் பண்ணையின் எரிவாயு உருளையை எடுத்திருக்கிறான்.
அபராதம் எழுபத்தைந்து டாலர். கட்டிவிட்டான்.
படிவத்தில் இரண்டே கட்டம்.
'பதிவு உண்டு' என்பதில் கோடு போட்டேன்.
புயலுக்குக் கட்டம் இல்லை.
தானியக் கிடங்கில் பங்கு சேர வந்தவர் தலையில்
மகன் செய்த மோசடி விழ இருந்தது.
இரண்டு பேருக்கும் ஒரே பெயர்;
பிறந்த வருஷம் காப்பாற்றியது.

ஆறாவது, மெரிட் செட்லாக்.
முதியோர் இல்லத்தில் இரவுப் பணி.

வெர்லீனின் வாய் மெல்வதை நிறுத்தியது.
எழுந்து போய் இழுப்பறையைத் திறந்தாள்.
அட்டைகளைத் தள்ளித் தள்ளிக் கடைசிவரை போனாள்.
மறுபடி முதலிலிருந்து.
இரண்டு முறை தேடுகிறவள் இல்லை அவள்.
"ஒன்றுமில்லை."
இழுப்பறையை மூடாமல் நின்றாள்.
"ஒன்றுமே இல்லை" என்றாள் இன்னொரு தரம்,
என்னிடம் அல்ல, அட்டைகளிடம்.

கேட்டிருக்கலாம்.
கேட்பதற்கு எனக்குக் கூலி இல்லை,
சொல்வதற்கு அவளுக்கு அனுமதி இல்லை
என்று படியேறும்போது நினைத்துக்கொண்டேன்.
ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதமாம்.
எனக்குக் காட்டப்பட்டது பானையின் மூடி.
பளபளவென்று இருந்தது.

வண்டி சூடாவதற்குள்
ஒமாஹாவிலிருந்து ஆஸ்ட்ராண்டர் அழைத்தார்.
"செட்லாக் என்ன ஆச்சு?"
"தாள் சுத்தம்" என்றேன்.
தாள் என்பதைக் கொஞ்சம் அழுத்தித்தான் சொன்னேன்.
மாட்டு லாரி ஒன்று இரைச்சலோடு கடந்து போனது.
"சுத்தம். ரொம்ப நல்லது. திங்கட்கிழமையே வரட்டும்."

திரும்ப அழைக்க எண் என்னிடம் இருந்தது.
என்னவென்று சொல்வது,
ஒரு பெண் விதை மெல்வதை நிறுத்தினாள் என்றா?
சம்மர்ஃபீல்ட் வரைக்கும் நாற்பது மைல்
வாக்கியத்தைச் சரிசெய்துகொண்டே ஓட்டினேன்.
அங்கே இன்னும் மூன்று பெயர்கள் காத்திருந்தன.

அடுத்த வியாழன், லோவல்.
கோப்பை, விதை, அதே நாற்காலி.
நான் பட்டியலை நீட்டுவதற்கு முன்பே,
தலை நிமிராமல், பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக
அவள் ஒரு கேள்வி கேட்டாள்:
"அவனைச் சேர்த்துக்கொண்டார்களா?"

கையுறையைக் கழற்றினேன். நேரம் பிடித்தது.
பிறகு, அன்றைய முதல் பெயரை
எழுத்து எழுத்தாகச் சொல்லத் தொடங்கினேன்.