பதினோரு சென்டிமீட்டர்

அயோத்தியாபட்டணம் தாண்டி
மரவள்ளி மாவு புளித்து மணக்கும் சேகோ ஆலை.
தென்மூலையில் பாய்லர், வடமூலையில் உலர்த்தும் கூடம்,
நடுவே அறுபது மீட்டர்.
"மேலாலயே கொண்டு போயிருங்க" என்றார் முதலாளி.
"கீழ லாரி திரும்பணும்.
களத்துல மாவு காயணும்."

அவருக்கு 'மேலால' ஒரு சொல்.
எனக்கு அது பதினோரு தூண்.

ஐந்து ரோட்டு மாடியறையில்
மின்விசிறிக்குக் காகிதம் பறக்காமல்
டிபன் டப்பாவைப் பாரமாக வைத்துக்
கணக்குப் போட்டேன்.
மீட்டருக்கு நாற்பத்திரண்டு கிலோ குழாய்.
அதன்மேல் சுற்றும் பஞ்சும் தகரமும் ஒரு பத்து.
ஆவிக்கு எடை என்று சொல்ல ஒன்றுமில்லை.
ஆனால் சோதனை நாளில் தண்ணீர் நிரப்புவார்கள்,
இன்னும் முப்பத்திரண்டு.
ஆயுளில் ஒரே ஒரு நாள் வந்துபோகும் பாரத்துக்காகத்
தூண் தினமும் தடித்தே நிற்க வேண்டும்.

காற்றையும் கூட்டினேன்.
சித்திரை மாதத்தில் சேர்வராயன் சரிவிலிருந்து
திடுமென இறங்கிக்
கூரைத் தகரத்தைப் பாய்போல் சுருட்டுமே, அதை.

இதெல்லாம் சுலபம்.
பாரம் கீழே அழுத்தும், காற்று பக்கத்தில் தள்ளும்.
எதிர்த்து நில் என்று
இரும்பிடம் சொல்லிவிடலாம்.

சூடு வேறு மாதிரி.
முப்பது டிகிரியில் படுத்துக் கிடக்கும் குழாய்
நூற்றெண்பதுக்கு ஏறும்போது
பதினோரு சென்டிமீட்டர் நீளும். அரைச் சாண்.
அதை எதிர்த்து நிற்கவே கூடாது.
ஒரு முனையை இறுக்கிக் கட்டு.
மறுமுனையில் வளைவு கொடுத்து நீள இடம் விடு.
இடையில் நிற்பவர்கள் தூக்கட்டும்,
பிடிக்க வேண்டாம்.
அதற்குத்தான் குழாயின் அடியில் ஷூ,
ஷூவின் அடியில் வெள்ளை டெஃப்லான் பட்டை,
பக்கவாட்டில் தடுப்பு, மூன்று மில்லி சந்து விட்டு.

இருசப்பனுக்கு அந்தச் சந்து பிடிக்கவில்லை.

பதினோரு தூணையும் நூல் பிடித்து நிறுத்தியவர்.
அவர் வெல்டை நான் விரலால் தடவிப் பார்த்திருக்கிறேன்,
மீன் செதில்.
ஒன்பதாம் தூணில் ஏறிக் குழாயை உலுக்கியிருக்கிறார்.
ஆடியது.
ஆடுகிற வேலையை விட்டுவிட்டு
ஒருநாளும் வீட்டுக்குப் போகாத ஆள்.
இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அங்குலம்,
கூலியில் சேராதது,
ஒட்டிவிட்டு இறங்கினார்.

ஆவியைத் திறந்த அன்று
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு களத்தில் மாவு கிளறிக்கொண்டிருந்த நல்லம்மாள்
"யாரோ பல்லைக் கடிக்கற மாதிரி இருக்கு" என்றாள்.
ஒன்பதாம் தூணின் தலை
மலையைப் பார்த்து வடக்கே சாய்ந்துகொண்டிருந்தது.
அடித்தட்டில் ஒரு போல்ட்
சிமெண்டைப் பிளந்து எட்டிப் பார்த்தது.

வால்வை மூடினோம்.

"பலமா இருக்கட்டும்னுதான், மேடம்."
நான் ஒன்றும் பேசவில்லை.
வரைபடத்தில் எல்லாம் இருந்தது.
வலது மூலையில், பொடி எழுத்தில்,
ஆங்கிலத்தில்.
எழுதியது நான்.

குழாய் ஆறுவதற்குள் அறுத்தாக வேண்டும்.
அவர் கிரைண்டரோடு ஏறினார்.
பொறி மாவில் தெறிக்காமல்
நனைத்த சாக்கை விரித்துப் பிடித்தேன்.
கடைசி இழை விட்டதும் 'டப்' என்றது.
தூண் பின்னால் துள்ளியது,
முழுசாக இல்லை.
தூக்குநூல் விட்டுப் பார்த்தால்
இன்னும் பதினான்கு மில்லி வடக்கே.
மறுபடி கணக்குப் போட்டேன். தாங்கும்.
மூன்று முறை போட்டேன்.

மறுநாள் இருசப்பன்
சிவப்புப் பெயிண்டால் எல்லா உத்திரத்திலும் எழுதினார்:
'இங்க ஒட்டாதே. நகரனும்.'
றன்னகரமா டண்ணகரமா என்று
நான் திருத்தப் போகவில்லை.
என் குறிப்பைவிடப் பெரிய எழுத்து.

இப்போது குறை நல்லம்மாளுக்கு மட்டும்.
குழாயின் நிழல் விழும் இடத்தில்
மாவு சீக்கிரம் காய்வதில்லையாம்.
காலையில் மேற்கே, மத்தியானம் நேர் கீழே,
சாயந்திரம் கிழக்கே,
நிழல் நகர நகரப்
பலகையால் மாவை வெயிலுக்கு இழுத்துக்கொண்டே இருக்கிறாள்.

அதை எந்தப் பக்கத்திலும்
நான் கூட்டியிருக்கவில்லை.