பதினான்கு புள்ளி இரண்டு

ஓஸ்ட்ராவாவில் ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடம்.
ஞாயிறு மட்டும் அதில் சாம்பல் கம்பளம் விரிப்போம்.
சன்னலுக்கு வெளியே உருக்காலைப் புகைபோக்கி, ஈரப்பனி.
உள்ளே டயரில் தேய்க்கும் மருந்தின் நெடி,
சூடேறிய மோட்டார்,
யாரோ கொண்டுவந்த பூண்டு தேய்த்த ரொட்டி.

என் வண்டி பத்தில் ஒரு பங்கு.
என் கோபம் முழு அளவு.

பதினோரு வாரம் அதைக் குடைந்தேன்:
முன் ஸ்பிரிங் இறுக்கமாக, அப்புறம் தளர்வாக,
டேம்பர் எண்ணெய் நானூறு, முந்நூற்றைம்பது, மறுபடி நானூறு,
சக்கரச் சாய்வு ஒன்றரைப் பாகையிலிருந்து இரண்டுக்கு.
ஒரே இடைவேளையில் ஐந்தையும் மாற்றிவிட்டு
எது கெடுத்தது என்று ஐந்தையும் திட்டுவேன்.
கூடம் கோணல் என்பதை
வெர்னியர் வைத்து அளந்தவன் நான்.

டிராஹோமீரா எட்டாம் எண் டிராம் ஓட்டுபவள்.
வாரத்தில் ஐந்து நாள் ஸ்டீயரிங்கே இல்லாத வேலை.
அவள் வண்டியின் மேல்கூடு வெளிறிய மஞ்சள்,
ஒரு மூலையில் ஒட்டுநாடா.
என் சிறந்த சுற்று பதின்மூன்று புள்ளி ஒன்பது.
அவளுடையது பதினான்கு புள்ளி ஒன்று.
அவளுடைய மற்ற இருபதும் பதினான்கு புள்ளி இரண்டு.
என் மற்றவற்றைச் சொல்வதற்கில்லை.

ரிமோட்டை நீட்டினேன் ஒரு நாள்:
'நீயே ஓட்டிப் பார், பின்பக்கம் வழுக்குகிறது.'
மேடையேறினாள். கையுறையைக் கழற்றிப் பையில் செருகினாள்.
ஐந்து நிமிடம். ஒரு பலகையிலும் உரசவில்லை.
'வண்டி நன்றாகத்தான் இருக்கிறது' என்றாள்.
பிறகு, ரொட்டி மீதி இருக்கிறதா என்று கேட்டாள்.

அந்த எரிச்சலில் ஒரு திருகையும் தொடவில்லை.
அடுத்த ஓட்டத்தில் வேண்டுமென்றே வேகத்தை அடக்கினேன்,
உள்பலகைக்கு ஒரு சாண் இடம் விட்டேன்.
பதினான்கு ஆறு. பதினான்கு ஐந்து. பதினான்கு ஐந்து.
உண்மையைச் சொன்னால், அலுத்தது.
எட்டாம் சுற்றில்தான் தட்டுப்பட்டது:
மூன்றாம் வளைவில் மட்டும், பிரேக்கை விடும்போது,
பின்பக்கம் ஓர் இழை பிந்தி வருகிறது.
ஒவ்வொரு முறையும்.
அதே இடத்தில், அதே அளவு.
பதினோரு வாரமும் அங்கேயேதான் இருந்திருக்கிறது,
என் கூச்சலில் வாய் திறக்க வழியில்லாமல்.

பின் மேல்கம்பிக்கு அடியில்
அரை மில்லிமீட்டர் வாஷர் ஒன்று.
சொல்ல ஓடினேன். நான்காம் வளைவில் ஆரஞ்சு மேலுடுப்போடு
யாருடையதோ கவிழ்ந்த வண்டியை நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.
'அப்படியானால் நான் சொன்னது தப்பு,'
தடத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இறுதி ஓட்டம். பதினைந்து சுற்று நான் நானாக இல்லை.
பதினாறில் திரும்பி வந்துவிட்டேன்:
பலகை, சத்தம், முறிந்த ஸ்டீயரிங் கம்பி.
ஆறாம் இடம்.

திங்கள் காலை ஆறு பதினேழு, இன்னும் இருட்டு.
நிறுத்தம் முழுக்கப் பனிச்சேறு,
ஏறுகிறவர்கள் மிதித்து மிதித்துக் கறுத்த
ஒரு சதுரம் தவிர.
எட்டாம் எண்ணின் கதவு சரியாக அதற்கு நேரே திறந்தது.
கண்ணாடிக்கு அப்பால் இரண்டு விரல் உயர்த்தினாள்.

என் பையில் சுற்று நேரச் சீட்டு இருந்தது,
பதினைந்தாம் வரியோடு மடித்தது.