பதினொரு கிலோமீற்றர் ரிவர்ஸ்

நாலு பேருக்கும் சேர்த்து ஒரே கார்.
கதவு மூன்று.
நாலாவதை முதல் ராத்திரியே
கிங்ஸ்லி ஓங்கிச் சாத்தினான்,
கழன்று உருண்டு போனது.
"உன் ஆட்டோவுக்குத்தான் கதவே இல்லையே,
உனக்கு எங்க தெரியும்" என்றான் நவகீதன்.

தலவாக்கலையில், ஷட்டர் பாதி இறக்கிய
கம்யூனிகேஷன் கடைக்குள் மூன்று பேர்.
திரையில் கொளுத்தும் பாலைவனம்.
நாங்கள் ஸ்வெட்டரும் மஃப்ளருமாய்.
ஷட்டருக்கு அடியால் பனிமூட்டம் நுழைந்து
போட்டோகொப்பி மெஷினை மோந்து பார்க்கிறது.

நாலாவது ஆள் லோஜினி,
கட்டுநாயக்க போர்டிங்கில், மேல் கட்டிலில்,
பக்கத்துப் பிள்ளை எழும்பிவிடாமல்
போர்வைக்குள்ளிருந்து கத்துவாள்.
குசுகுசுவென்று கத்த அவளால்தான் முடியும்:
"பிரேக் பிடி! பிரேக்!
ஐயோ, பிரேக் என்கிட்டதானே இருக்கு. சொரி."

ஸ்டியரிங் கிங்ஸ்லி. கியர் நவகீதன்.
எனக்கு மேப்பும், பெட்ரோல் கேனும்,
கூரையில் கட்டிய குளியல் தொட்டியைப்
பார்த்துக்கொள்ளும் பொறுப்பும்.
அதைக் கடலுக்குக் கொண்டுபோக வேண்டுமாம்.
கடலுக்கு எதற்குத் தொட்டி என்று
கேம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ரோட்டு, துணி காயப்போடும் கயிறு மாதிரி நேர்.
அங்கேதான் மானம் போனது.
எட்டு வருஷம் ஸ்டாண்டில் ஓட்டுகிறவன்
நேராகப் போகத் தெரியாமல்
நூறு மீற்றருக்கு ஒருதரம் ஒடித்தான்.
இல்லாத வளைவுக்கு ஹோர்ன் அடித்தான்.
"எதிர்ல பஸ் வந்தா?"
"இது பாலைவனம்டா."
"பாலைவனம்னா பஸ் இல்லையா?
அப்ப சனம் எதுல போகும்?"
யோசித்தோம். நியாயமான கேள்வி.

பின்சக்கரம் ஒன்று கழன்று தனியாக ஓடியது.
எடுத்து வர லோஜினி இறங்கினாள்.
மூன்று சக்கரத்தில் கிளம்பினோம்,
அவள் ஏறிவிட்டாள் என்ற நம்பிக்கையில்.
கிங்ஸ்லிக்கு மூன்று சக்கரம் கைவந்த கலை.
என்ன ஒரு ஓட்டம்! திடுக்கிடல் இல்லை, குலுக்கல் இல்லை.
இன்றைக்குத்தான் ஒற்றுமையாய் ஓட்டுகிறோம் என்று
கைகொடுத்துக்கொண்டோம்.
பதினோராவது கிலோமீற்றரில் முதல் இறக்கம்.
"பிரேக்!" என்றோம் மூன்று பேரும்.
பதில் இல்லை.
பெட்ரோல் செட்டின் சுவர்தான் எங்களை நிறுத்தியது.

முன்கியர் எல்லாம் அதோடு செத்தது.
"ரிவர்ஸ் மட்டும் விழுது" என்றான் நவகீதன்,
ஏதோ மரணச் செய்தி போல.

கிங்ஸ்லி கதிரையில் திரும்பி உட்கார்ந்தான்.
பின்னால் இருந்தது கடைச் சுவர்,
ரீலோட் கார்ட் போஸ்டர், ஒரு பல்லி.
"டேய், ஸ்க்ரீன் முன்னால."
"வாயை மூடு."
டயகம பஸ்ஸுக்கு வழிவிட்டு
ஒரு பக்கம் மண்மேடு, ஒரு பக்கம் பள்ளம் என்று
பின்னால் எடுத்து எடுத்தே பழகிய கை.
பல்லியைப் பார்த்தபடி
பதினொரு கிலோமீற்றர்,
கோடு போட்ட மாதிரி எடுத்தான்.
நாங்கள் மூச்சுவிடவில்லை.
பல்லியும் அசையவில்லை.

அங்கே நின்றாள்.
இடுப்பில் பிள்ளையைப் போல் சக்கரம்,
ஒரு கை மேலே,
கடைசி பஸ்ஸை மறிக்கிறவளாட்டம் உறைந்து.
என் போனில் செய்தி:
"டேட்டா முடிஞ்சிருச்சு. கீழ்க்கட்டில் அக்காகிட்ட
ஹொட்ஸ்பொட் கேட்டு வர்றேன். போயிராதீங்க."
வந்து இருபது நிமிஷம் ஆகியிருந்தது.

பக்கத்தில் நிறுத்தினோம். இன்ஜினை அணைத்தோம்,
பெட்ரோல் முக்கியம்.
ஆறிப்போன ரொட்டியைப் பிய்த்துத் தின்றோம்.
திரையில் சூரியன் இறங்கியது, 
அவள் நிழல் நீண்டு எங்கள் காரைத் தொட்டது.
அழகாயிருக்கு என்று யாரும் சொல்லவில்லை.
நவகீதன் மட்டும் மெல்லுவதை நிறுத்தினான்.

பிறகு அவள் கண் சிமிட்டினாள்.
"எங்கடா போனீங்க?"
"எங்கேயும் போகல. இங்கதான் நிக்கிறோம்"
என்றான் கிங்ஸ்லி, நொறுங்கிய பம்பரோடு.
சக்கரத்தோடு ஏறி உட்கார்ந்தவள்
ஒருதரம் மேலே பார்த்தாள்.

"தொட்டி எங்க?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.
நான் மேப்பைப் பார்த்தேன்.