முப்பத்தொன்று

கருக்கன்கொட்டாய் ஒன்றியத் தொடக்கப்பள்ளி.
வெள்ளிக்கிழமை மூன்று மணி, மேலாண்மைக் குழுக் கூட்டம்.
உறுப்பினர் இருபது.
வந்தது ஏழு பேர், ஒரு கைக்குழந்தை,
வாசல்படியில் படுத்துக்கொண்ட தீர்த்தகிரி வீட்டு நாய்.

நான் தலைவி.
கேட்டு வாங்கிய பதவி இல்லை.
அன்றைக்குக் காட்டுவேலை இல்லாததால் பள்ளிக்கு வந்தேன்,
என் பேரைச் சொல்லிக் கை தூக்கிவிட்டார்கள்.

சகாயமேரி டீச்சர் வரவு வாசிக்கிறார்.
பள்ளி மானியம் இருபத்தைந்தாயிரம்.
அதில் பாதி வந்துவிட்டது,
மீதி தலை எண்ணிய பிறகு.
புளியமர ஏலம் அறுநூற்று நாற்பது.

"போன வருசம் தொள்ளாயிரத்துக்குப் போச்சே?"
"இந்த வருசம் காய்ப்பு இல்லீங்க."
"காயெல்லாம் இருந்துச்சு. பசங்க தின்னுட்டாங்க."

பசங்க தின்றதை வரவில் எழுதுவதா செலவில் எழுதுவதா
என்று கேட்க வாயெடுத்தேன்.
கேட்கவில்லை.

செலவு.
மோட்டாருக்குக் கண்டென்சர்,
ஒகேனக்கல் தண்ணி வராத நாளுக்கு.
பினாயில், பெருக்குமாறு, சாக்பீஸ் பெட்டி,
கரும்பலகைக்குப் பெயின்ட்.
ஆண்டு விழாவுக்கு ஃப்ளெக்ஸ் வேண்டும் என்றார் மாதப்பன்,
அதில் தன் போட்டோ வேண்டாம் என்றும் சேர்த்துச் சொன்னார்,
யாரும் கேட்காமலே.

பெண்பிள்ளைகள் கழிவறைக்குக் கதவு.
போன ஆடிக்காற்றில் விழுந்தது.
இப்போதெல்லாம் ஒருத்தி உள்ளே போனால்
இன்னொருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.
கதவுக்கு ஐயாயிரத்து ஐந்நூறாம்.
முதுகுக்கு இதுவரை ஒன்றும் ஒதுக்கியதில்லை.

பிறகு டீச்சர் பேனாவை மூடினார்.
"முப்பத்தொரு பிள்ளைங்க இருந்தா இருபத்தஞ்சாயிரம்.
முப்பதுன்னா பத்தாயிரம்தான்.
நம்மகிட்ட இருக்கறது சரியா முப்பத்தொண்ணு.
பெங்களூரு போறவங்க யாராச்சும் இருந்தா
கணக்கெடுப்பு முடியற வரைக்கும் கொஞ்சம் பொறுங்க."

எல்லாரும் சின்னபாப்பாவைப் பார்த்தார்கள்.
போன வருசம் போய்வந்தது அவள் குடும்பம்.
"என்னையே ஏம்மே பாக்கறீங்க?" என்று
கைக்குழந்தையை மடி மாற்றிப் போட்டாள்.

என்னை ஒருவரும் பார்க்கவில்லை.
நான் தலைவி.

நேற்று ராத்திரி மேஸ்திரி வந்துபோனார்.
முன்பணம் இருபதாயிரம்.
மளிகைக் கடை, உரக் கடை, சீட்டுக்காரர் போக
கையில் நின்றது மூவாயிரத்து இருநூறு.
ஞாயிற்றுக்கிழமை விடிகாலை வண்டி,
கெங்கேரி தாண்டி எங்கேயோ ஒரு சைட்டு,
தகர ஷெட்டு தருவார்களாம்.
எங்கள் வீட்டு பட்ஜெட் கால் மணி நேரத்தில் முடிந்தது.
தீர்மானம், வழிமொழிதல் எதுவும் இல்லை.
வீட்டுக்காரர் பணத்தை இரண்டு தரம் எண்ணினார்.
நான் ராகி மாவை மூட்டை கட்டினேன்.

மருத்துவ முகாமில் எடை போட்டபோது
கோபிகா பதினெட்டு கிலோ.
அவள் எழுந்து போனால்
இந்தப் பள்ளியில் குறைவது பதினைந்தாயிரம் ரூபாய்.
என் பிள்ளைக்கு இவ்வளவு விலை என்று
இதுவரை யாரும் சொன்னதில்லை.

"தலைவி என்ன சொல்றீங்க?"

"கதவை மொதல்ல போடுங்க" என்றேன்.
"வந்த பணத்திலேயே. நாளைக்கே.
பெயின்ட்டு அப்புறம் பாத்துக்கலாம்."

"என்னம்மா இப்படி அவசரம்?"
பதில் சொல்லவில்லை.
தீர்மான நோட்டில் பெயர் எழுதினேன்.
நாலு எழுத்து.
எப்போதும் கோடு தாண்டிப்போகும் கடைசி எழுத்து
இன்றைக்கு என்னமோ கோட்டுக்குள்ளேயே நின்றது.

வெளியே வந்தபோது மணி அடித்துவிட்டது.
பிள்ளைகள் பையோடு ஓடுகிறார்கள்.
கோபிகா ஓடவில்லை.
கழிவறை வாசலில் இரண்டு கையையும் விரித்து
முதுகைக் காட்டி நிற்கிறாள்.

"வாடி, போலாம்."

"இரும்மா.
உள்ளே ஆள் இருக்கு."