ஏசி இல்லாத கார்

டிசம்பரில் என் கைப்பேசி தூங்குவதில்லை.
அசுன்சியோனின் ஏசிகள் எல்லாம்
பேசி வைத்துக்கொண்டு ஒரே வாரத்தில் படுக்கும்.
ஏணியும் கேஸ் உருளையுமாக ஏறி
யார் யார் படுக்கையறையிலோ
குளிரை ஊற்றிவிட்டு இறங்குகிறேன்.
ஞாயிறு மட்டும் அணைத்துவிடுவேன்.

நீதிபதி சொன்னது:
கிறிஸ்துமஸ் அம்மாவுக்கு.
திருவருகைக் காலத்து ஞாயிறுகள் அப்பாவுக்கு,
காலை எட்டிலிருந்து மாலை ஏழுவரை.
அடுத்த வருடம் மாற்றிக்கொள்ளலாமா என்றேன்.
வக்கீல் என் காலை மிதித்தார்.

"ஊருக்கெல்லாம் குளிர், நமக்கு மட்டும் வெயிலா?"
ஜன்னலில் தலையை நீட்டியபடி நிமியா.
ஒன்பது வயது. எதையும் விடமாட்டாள்.

அரெகுவாவில் சாலையோரம் முழுக்கக் களிமண் மந்தை.
ஆடு, மாடு, மண்டியிட்ட ராஜாக்கள்,
நடுவே
கால்பந்துச் சட்டை போட்ட தவளை ஒன்று.
குடிலில் அதுவும் வேண்டும் என்றான் பிளாஸ்.
பெத்லகேமில் தவளை இல்லை என்று
எந்த மேய்ப்பன் எழுதி வைத்தான்?
வாங்கினேன்.

ஏழாம் தேதி காக்குப்பே.
மறுநாள் மாதா திருநாள்; நாடே நடந்தது.
தாருக்கு நாக்கு முளைத்துச் செருப்பை நக்கியது.
சீப்பா விற்பவள் கூடைத் துணியை விலக்கியதும்
பாலாடைக்கட்டி வாசனை எங்களை முந்தி ஓடியது.
முழங்காலால் ஏறிக்கொண்டிருந்தார் ஒருவர்.
"என்ன தப்பு செஞ்சார்?"
நன்றி சொல்கிறார் என்றேன்.
பிளாஸ் நம்பவில்லை.
பிறகு என் தோளிலேயே உறங்கிப்போனான்,
அவன் எச்சிலும் என் வியர்வையும் ஒரே சட்டையில்.
நிமியா என்ன வேண்டிக்கொண்டாள் என்று சொல்லவில்லை.
திரும்பும்போது மணி எட்டே கால்.
லிப்ராதா வாசலில் நின்றாள்.
திட்டியிருக்கலாம்.

இப்பகராயி ஏரி அன்று பாசிப் பச்சை,
குளிக்கத் தடை என்று பலகை.
நீச்சல் உடையோடு கரையில் உட்கார்ந்து
தர்பூசணி தின்றோம்,
யார் விதை தூரம் போகும் என்று துப்பினோம்.
பக்கத்துப் பெஞ்சில்
பஞ்சுத் தாடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு
கிறிஸ்துமஸ் தாத்தா தெரெரே உறிஞ்சிக்கொண்டிருந்தார்.
கொம்புக் குவளையை எனக்கும் நீட்டினார்.
கார்க் கதவில் இருந்த என் தொழிலைப் படித்துவிட்டு
இந்த அங்கிக்குள் ஒன்று மாட்ட முடியுமா என்றார்.
பிள்ளைகள் சிரித்த சிரிப்பில்
கொக்கு ஒன்று எழுந்து போனது.

கடைசி ஞாயிறு பாளைக்கு.
உடம்பெல்லாம் முள்ளான தென்னை அது.
சாலையோரப் பையன்களிடமே வாங்கியிருக்கலாம்,
நிமியா கேட்கவில்லை.
என் தொழில் ஏணி அன்றுதான் புண்ணியம் தேடிக்கொண்டது.
வெட்டிய பாளை பின்சீட்டில் வாய்பிளந்து கிடக்க
தேனும் ஏதோ பழமும் கலந்த மணம்
கார் முழுக்க.
கண்ணை மூடினால்
குளிர்ந்த மாதிரிகூட இருந்தது.

"உன் வீட்டுக் குடிலுக்கு ஒரு கொத்து?"
என் வீட்டில் குடில் இல்லை என்றேன்.
அவள் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.
இறங்கும்போதுதான் பிளாஸ்
பைக்குள் கைவிட்டுத் தவளையை எடுத்தான்:
"அம்மா இது குடிலில் சேராதுன்னுட்டாங்க.
உன்கிட்ட இருக்கட்டும்."

இருபத்து நான்கு. நாற்பத்தொரு டிகிரி.
கடைசி வீட்டின் ஏசி மூச்சுவிடத் தொடங்கியதும்
அந்தம்மா பழத்துண்டு மிதக்கும் ஒயின் தந்தாள்,
பிள்ளைகள் இருக்கிறார்களா என்றாள்.
இரண்டு என்றேன்.
விரைந்து போங்கள், காத்திருப்பார்கள் என்றாள்.
தலையாட்டினேன்.

பின்சீட்டில் மஞ்சள் மணிகள் உதிர்ந்து கிடக்கின்றன.
எறும்புகள் எங்கிருந்தோ வரிசையாய் வந்துவிட்டன.
தட்டிவிடக் கை போனது,
விட்டுவிட்டேன்.
டாஷ்போர்டில் தவளை
பத்தாம் எண் சட்டையில்.
நான்கு ஜன்னலையும் இறக்கிவிட்டு
வண்டியைக் கிளப்புகிறேன்.
எங்கோ அவசரக்காரன் ஒருவன்
பகலிலேயே வாணம் விடுகிறான்.